தோளில் குத்தும் தேதி

ஊசி ஒரே ஒரு தரம் குத்திவிட்டு நின்றுவிட்டது.

பிரெண்டன் ட்ரெவின் கையிலிருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்தான், இயந்திரத்தைப் பார்த்தான், பிறகு இயந்திரத்தின் முன்னால் முக்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்தான். டங்கென்று எழுந்த ஒற்றை ஓசை அலுமினிய சிலிண்டருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, நூலாக மெலிந்து, தகரக் கூரையில் விடாமல் அடித்துக்கொண்டிருந்த மழைச் சத்தத்துக்கு அடியில் நழுவிக்கொண்டிருந்தது. காற்றுக் குழாய் ஏதோ ஒரு மூட்டில் மெல்லச் சீறியது. திறந்த கதவு வழியாகக் கழிமுகத்துச் சேற்றின் வாடையும் காயாத ரப்பர் உடுப்புகளின் வாடையும் சேர்ந்து வந்தன. முக்காலிக்காரன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். கண்ணைக்கூட மூடியிருந்தான். ஓசை முழுதாக அடங்கிய பிறகுதான் காலை நகர்த்தி இரண்டாவது பெடலை மிதித்தான். அதன் பிறகே ஊசி படபடவென்று புள்ளி புள்ளியாகக் குத்தி, சிலிண்டரின் கழுத்துக்குக் கீழே வளையும் தோளில் மாதத்தையும் ஆண்டையும் எழுதியது.

பத்தொன்பது வினாடி. அதற்கு முந்தியது பதினாறு. அதற்கும் முந்தியது இருபத்திரண்டு.

பிரெண்டன் சொல்லி விற்றது பதினொரு வினாடி. காற்றழுத்தத்தில் ஊசியைச் சொடுக்கி உலோகத்தில் எழுதும் இயந்திரங்களுக்கு நேரம் கணிப்பதுதான் அவன் தொழில். எழுத்து எத்தனை, எழுத்துக்குப் புள்ளி எத்தனை, புள்ளிக்கு ஊசி போய் வர எவ்வளவு, பிடி இறுக, ஊசித் தலை இறங்க, தலை ஏற என்று எல்லாவற்றையும் மெல்போர்னில் குளிர்பதன அறையில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்து, பதினொன்று என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தான். கணக்கு தப்பாது. தப்புவதெல்லாம் மனிதர்கள்தான் என்பது அவன் கட்சி. ஊரில் இருக்கிறவன் எல்லாம் மடையன், தான் ஒருவன்தான் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டே நாற்பத்து மூன்று வயதை எட்டிவிட்டவனுக்கு, ஆஸ்திரேலியாவின் வடகோடிக் கடற்கரையில் கெய்ன்ஸ் மாதிரி ஓர் ஊர் வசதியாகவே இருந்தது. இறங்கியதிலிருந்து எதைப் பார்த்தாலும் ஏளனம் செய்ய முடிந்தது. வியர்வை, பல்லி, அரைக்கால் சட்டையோடு வங்கிக்குப் போகிற கிழவர்கள், எதற்கெடுத்தாலும் ‘பார்க்கலாம்’ என்கிற பேச்சு.

முக்காலிக்காரன் பெயர் வாரன். ஊரே வாஸா என்று கூப்பிட்டது. வயிறு பெருத்து, ரப்பர் செருப்போடு, தாடியில் எதையோ ஒட்டவைத்துக்கொண்டு இருந்தான். இயந்திரத்தின் புரோகிராமில் அந்த ஒற்றைக் குத்தையும் இரண்டாவது பெடலையும் கேட்காமல் கொள்ளாமல் சேர்த்தவன் அவன்தான் என்று தெரிந்தபோது பிரெண்டனுக்குச் சிரிப்பு வந்தது. குரங்கு கையில் பூமாலை கொடுத்தது தன் தவறு என்று நினைத்துக்கொண்டான்.

“இந்த முதல் குத்து எதுக்கு?” என்று கேட்டான்.

“தட்டிப் பாக்குறேன்.”

“தண்ணி அழுத்தத்துல நின்னு பாஸ் ஆன சிலிண்டரைத் தட்டிப் பாக்க என்ன இருக்கு?”

“பாஸ் ஆனது சிலிண்டரு,” என்றான் வாஸா. “உள்ள எதுவும் பாக்கி இல்லையான்னு அது சொல்லாதே. சத்தம் அடங்கினா காலி. அடங்கலைன்னா காலி இல்ல. காலி இல்லாததுக்குத் தேதி போடக் கூடாது, தலைவா. போட்டா, இன்னும் ஒரு வருஷம் மூச்சு விட்டுக்கடான்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி.”

அந்தத் தேதியின் பொருள் அதுதான். கடலுக்குள் முங்குகிறவர்கள் முதுகில் கட்டும் காற்றுச் சிலிண்டரை ஆண்டுக்கொரு முறை இந்தக் கொட்டகைக்குக் கொண்டுவருவார்கள். வால்வைக் கழற்றி, தண்ணீர் நிரப்பி, அழுத்தம் கொடுத்து, தாங்கினால் உலர்த்தித் தோளில் தேதி குத்துவார்கள். தேதி இல்லாத சிலிண்டருக்கு எந்தக் கடைக்காரனும் காற்று நிரப்ப மாட்டான். தேதி இருந்தால் இன்னும் ஓர் ஆண்டு அதிலிருந்து மூச்சு எடுக்கலாம். ஒரே தேதியை ஒரு தோளில் இரண்டு தரம் குத்திவிட்டால் சிலிண்டரே குப்பைக்குப் போய்விடும்.

கொட்டகையின் பின்சுவர் ஓரம், சங்கிலிக்கு அப்பால், சிலிண்டர்கள் ஒரு வரிசையாக நின்றன. பெயின்ட் உரிந்தவை, சிப்பி ஒட்டியவை, நேற்று வாங்கியதைப் போலப் பளபளப்பவை. வால்வு இல்லாமல் எல்லாவற்றின் கழுத்தும் திறந்திருந்தது. ஒவ்வொரு கழுத்திலும் சிவப்பு டேப் ஒன்று கட்டி, நுனியைத் தொங்கவிட்டிருந்தார்கள். சத்தம் அடங்காதவை அவைதான் என்று வாஸா தாடையால் காட்டினான். சிலது போலீஸ்காரர் விசாரணை முடிந்து திருப்பித் தந்தது, சிலது ஆள் இல்லாமல் தனியாக மிதந்து வந்தது, சிலது எப்படி வந்தது என்றே தெரியாது. சொந்தக்காரர் யாரும் கேட்டு வருவதில்லை.

பிரெண்டன் அவனிடம் எத்தனாவது வரை படித்தாய் என்று விசாரித்தான்.

“ஒன்ன மாதிரி ஆளு பேசுனா காதுல வாங்காம இருக்குற அளவுக்கு,” என்றான் வாஸா.

கொட்டகையின் உரிமையாளர் நோலீன் ஃபாப்ரி. கரும்புத் தோட்டக்காரக் குடும்பத்துப் பெண். எந்தப் பேச்சையும் நின்றுகொண்டே முடிப்பவள். வாஸாவின் காதைப் பற்றிக் கேட்டதற்கு, அவன் காது அவன் பாடு, எனக்கு வேலை முடிந்தால் போதும் என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு இருந்த கவலை வேறு. திங்கட்கிழமை இரண்டு பெரிய உல்லாசப் படகுகளின் சிலிண்டர்கள் மொத்தமாக வந்து இறங்குகின்றன.

“நீ சொன்ன பதினொண்ணு திங்கக்கெழமை என் கண்ணு முன்னாடி வரணும்,” என்றாள். “வரலேன்னா ஒன் மிஷினை நீயே மடியில வச்சுக்கிட்டு பிளேன் ஏறு.”

மடியில் வைத்துக்கொண்டு ஏறினாலும் போய் இறங்க இடமில்லை என்பது அவளுக்குத் தெரியாது. அவன் கணிப்பை நம்பி விற்ற இயந்திரங்களில் இரண்டு ஏற்கனவே திரும்பி வந்திருந்தன. மூன்றாவதும் வந்தால் நீ கூடவே வர வேண்டாம் என்று மேலாளர் முந்தின நாள் தொலைபேசியில் சொல்லியிருந்தார். குரலை உயர்த்தாமல் சொன்னதுதான் பிரெண்டனுக்கு அதிகம் உறைத்தது. இந்த வயதில் வேறு எவன் தன்னை எடுப்பான் என்று பயந்தான். அந்தப் பயத்தையும் எதிரில் இருப்பவன் மேல் இளக்காரமாக மாற்றிக்கொள்ள அவன் பழகியிருந்தான்.

சனிக்கிழமை நண்பகலுக்கு வாஸா முக்காலியைவிட்டு எழுந்தான். சதுப்பு மரங்களுக்கிடையில் நண்டுக் கூண்டு போட்டிருக்கிறான், எடுக்கப் போக வேண்டும். தள்ளுவண்டியில் பத்து சிலிண்டர் இருக்கிறது, அதற்கு மேல் வேண்டுமென்றால் திங்கட்கிழமை வரை பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனான். நோலீன் அதற்கு முன்பே போய்விட்டாள். ஆக, பட்டப்பகலில், மழைநாளின் வெளிறிய வெளிச்சத்தில், பிரெண்டன் தனியாக நின்றான்.

முதல் வேலையாக அந்த ஒற்றைக் குத்தையும் இரண்டாவது பெடலையும் அழித்தான். அழிக்கும்போது உதட்டைப் பிதுக்கிக்கொண்டான். பதினாலுக்கு இறங்கியது. தலை ஏறும் உயரத்தைக் குறைத்தான். ஊசி ஓர் எழுத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் பாதையைச் சுருக்கினான். பார்க்க வித்தியாசம் தெரியாதபடி ஒவ்வொரு எழுத்திலும் சில புள்ளிகளைக் களவாடினான். அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி, ஊசி திரும்பி வரும் நேரத்தில் கொஞ்சம் பிடித்தான். அவசரத்தில் ஊசி ஒரு புள்ளியை விழுங்கியது. பிடித்ததில் பாதியைத் திருப்பிக் கொடுத்தான். கம்ப்ரஸர் தூரத்தில் இருக்கிறது, குழாய் நீளம், அதனால்தான் தாமதம் என்று கொட்டகையைத் திட்டினான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பதின்மூன்று, பன்னிரண்டரை, பன்னிரண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு புதுத் தோள் செலவாகிக்கொண்டிருந்தது. பத்தும் தீர்ந்தபோது இன்னும் ஒரு வினாடி பாக்கி இருந்தது.

தட்டைத் தகட்டில் சோதித்தால் அந்த வளைவு வராது, வளைவில்லாமல் எடுத்த நேரம் செல்லாது. குத்தாத தோள்கள் இன்னும் வேண்டும். அவன் பின்சுவரைப் பார்த்தான்.

தயங்கவெல்லாம் இல்லை. தண்ணீர் சோதனையில் தேறிய நல்ல சிலிண்டர்களை ஒரு மடையனின் காதுக்குப் பயந்து ஒரு கொட்டகையே ஒதுக்கி வைத்திருக்கிறதே என்று வாய்விட்டுச் சிரித்தான். திங்கட்கிழமை வந்து பார்க்கட்டும், எல்லாவற்றுக்கும் தேதி குத்தியிருக்கும், அந்தத் தாடிக்குள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். சங்கிலியை அவிழ்த்து, கோடியில் நின்றதைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி வந்து இயந்திரத்தின் பிடிக்கு அடியில் இருந்த தொட்டிலில் படுக்கவைத்தான். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. தலை இறங்கும் வேகத்தை இன்னும் ஒரு படி கூட்டினான்.

பெடலை மிதித்தான். பிடி இறுகியது. தலை இறங்கியது. ஊசி எழுத ஆரம்பித்ததும், எழுத்தைப் பார்ப்பதற்காகக் குனிந்திருந்த அவன் முகத்தில், சிலிண்டரின் திறந்த கழுத்திலிருந்து காற்று வந்து பட்டது. வெதுவெதுப்பான காற்று. உப்பும் ரப்பரும் கலந்த, யாரோ வெகுநேரம் வாய் திறக்காமல் இருந்து திறந்தது போன்ற வாடை. ஊசி எழுதி முடிக்கும் வரை அது வந்துகொண்டே இருந்தது. தலை ஏறியதும் நின்றது.

பதினொன்று.

முஷ்டியை மடக்கித் தன் தொடையில் தானே குத்திக்கொண்டான். மறுபடியும் வாட்சைப் பார்த்தான். பதினொன்றுதான். அப்போதுதான் சத்தம் காதில் விழுந்தது. ஊசி நின்ற பிறகும் சிலிண்டர் ஒலித்துக்கொண்டிருந்தது. உரத்து இல்லை, பக்கத்து அறையில் யாரோ கண்ணாடி டம்ளரின் விளிம்பைத் தேய்ப்பது மாதிரி. உள்ளங்கையை வைத்து அமுக்கினான். உலோகம் அசையவில்லை, ஒலியும் அடங்கவில்லை. கழுத்தில் தொங்கிய சிவப்பு டேப்பின் நுனி எழும்பி, மெல்லத் திரும்பி, கழுத்தின் ஓட்டைக்குள் போனது.

உள்ளே இழுக்கிறது. டேப் தளர்ந்தது. மறுபடியும் இழுத்தது.

மழையில் உலோகம் குளிர்ந்திருக்கும், உள்ளே காற்று சுருங்கியிருக்கும், சுருங்கினால் வெளிக்காற்று உள்ளே போகத்தான் செய்யும் என்று தனக்கே பாடம் நடத்திக்கொண்டான். பள்ளிப்பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். வாஸாவுக்குத்தான் தெரியாது. சிலிண்டரை எடுத்துத் தள்ளுவண்டியின் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கி வந்தான். ஒரு தரம் பதினொன்று வந்தால் போதாது. அடுக்கடுக்காக வந்து, அதைப் படம் எடுத்து மேலாளருக்கு அனுப்பினால்தான் நிம்மதி.

இரண்டாவது. வெதுவெதுப்பான காற்று, பதினொன்று, பிறகு டேப் உள்ளே போனது. மூன்றாவது. நான்காவது. ஒவ்வொன்றின் ஒலியும் முந்தியதோடு சேர்ந்துகொண்டது. கூரையில் மழை விட்டுவிட்டுப் பெய்தது, இந்த ஒலி விடவில்லை. தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றவற்றின் சிவப்பு நுனிகள் ஆரம்பத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் அசைந்தன. ஏழாவதை நிற்கவைத்துவிட்டு நிமிர்ந்தபோது எல்லா நுனிகளும் ஒரே நேரத்தில் கழுத்துக்குள் போவதைப் பார்த்தான். ஒரே நேரத்தில் தளர்ந்தன. மறுபடியும் போயின. இழுக்கிற ஒவ்வொரு தரமும் காற்று உள்ளே மட்டுமே போனது. வெளியே வரவில்லை.

அவனுக்குக் கொட்டாவி வந்தது. பாதியில் நின்றது.

மறுபடியும் இழுத்துப் பார்த்தான். மார்பு எழுந்தது, காற்று கொஞ்சம்தான் வந்தது. காது அடைத்தது, விமானம் இறங்கும்போது அடைப்பது போல. புழுக்கம் என்று நினைத்தான். நாசமாய்ப் போன ஊர், காற்றுகூடத் தண்ணீராக இருக்கிறது. அடுத்ததைக் குத்தினான். ஊசி ஓடும்போது முகத்தில் வந்து பட்ட காற்று மூக்கில் தாராளமாக ஏறியது, தலை தெளிந்தது, அதில் பெப்பர்மின்ட் வாசம் இருந்தது. யாருடையதோ ஒரு வாயின் வாசம். தலை ஏறியது. காற்று நின்றது.

அவன் மூச்சும் நின்றது.

வலிக்கவில்லை. தொண்டையை யாரும் பிடிக்கவில்லை. வாயைத் திறந்தான், இழுத்தான், வால்வு மூடிய குழாயில் இழுப்பது போல எதுவும் வரவில்லை. கொட்டகையில்தான் காற்று இல்லை என்று கதவுக்கு ஓடினான். கதவு திறந்துதான் இருந்தது. மழையில் போய் நின்றான். சாலை வெறிச்சோடிக் கிடந்தது. எதிர்ப் பட்டறை வாசலில் ஒரு நாய் நாக்கைத் தொங்கவிட்டு, விலா ஏறி இறங்க, சுகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பிரெண்டன் வாயை அகலத் திறந்து வானத்தைப் பார்த்தான். மழைத் தண்ணீர் வாய்க்குள் விழுந்தது. காற்று விழவில்லை. நாய் அவனை அலட்சியமாகப் பார்த்துவிட்டுத் தலையை மடித்துப் படுத்துக்கொண்டது.

கண்ணின் ஓரங்கள் கறுக்கத் தொடங்கியபோது முகத்தில் பட்ட அந்தக் காற்று நினைவுக்கு வந்தது.

திரும்பி ஓடினான். கையில் கிடைத்ததை இழுத்துத் தொட்டிலில் போட்டு, பெடலை மிதித்து, திறந்த கழுத்தில் வாயை வைத்தான். ஊசி எழுதியது. வந்தது. குடித்தான். பீர் நாற்றம், அதற்கு அடியில் வாந்தி, அதற்கும் அடியில் அவன் அதுவரை அறியாத ஏதோ ஒன்று. குளிராக, பச்சையாக, மேலே எங்கோ வெளிச்சம் இருப்பது தெரிந்தும் எட்டாத ஒன்று. அந்தச் சிலிண்டரை முதுகில் கட்டியிருந்த ஆள் கடைசியாக உள்ளே இழுத்து வெளியே விடாமல் வைத்திருந்த மூச்சு. அது பிரெண்டனின் நுரையீரலுக்குள் இறங்கி, இடம் போதவில்லை என்பது போலப் புரண்டது. தலை ஏறியது.

நின்றது.

அடுத்தது. தூக்கு. போடு. மிதி. குடி. இது ஒரு பெண். அடுத்தது. இது மிகச் சின்ன மூச்சு, பதினொன்றில் பாதிக்குள் தீர்ந்துவிட்டது, மீதி வினாடிகளில் கழுத்து வெறுமனே இருந்தது. அதை யார் விட்டிருப்பார்கள் என்று அவன் நினைத்துப் பார்க்கவில்லை. அடுத்தது. ஒன்றை முடித்து ஒன்றைத் தூக்கி வருவதற்குள் கண் இருட்டியது. பதினொரு வினாடி போதவில்லை.

ஒரு கழுத்தில் வாயை வைத்தபடியே தொலைபேசியில் வாஸாவின் எண்ணைத் தொட்டான். மணி அடித்து, எடுத்து, மழையும் தண்ணீரும் படகின் மரமும் கேட்டன. வாஸாவின் குரல் யாரு என்றது. மெல்போர்னா என்றது. பிரெண்டனுக்குப் பேசுவதற்குக் காற்று மிச்சமில்லை. அந்தப் பக்கம் வாஸா கேட்டுக்கொண்டிருந்தான்.

“எத்தன பேருடா அங்க இருக்கீங்க?” என்றான் வாஸா. “எல்லாரும் ஒண்ணா மூச்சு இழுக்குறீங்க.”

பிரெண்டன் வாயைத் திறந்தான்.

“தேதி போட்டுட்டியா,” என்றான் வாஸா. இந்தத் தரம் அது கேள்வியாக இல்லை. “எல்லாத்துக்குமா? நான் வரல தலைவா. நான் அங்க வர மாட்டேன்.”

தொடர்பு அறுந்தது.

சுவரோரம் ஒன்றுதான் பாக்கி. பாதி உடம்பைச் சிப்பி மூடிய பழைய சிலிண்டர். அதையும் குத்தினான். அதையும் குடித்தான். இரும்புத் துருவும் புகையிலையும். தலை ஏறியது. பின்சுவர் காலி. தள்ளுவண்டியின் பக்கம் அத்தனையும் நின்றன, தோளில் ஒரே தேதியோடு, சிவப்பு நுனிகள் ஒன்றாக உள்ளே போய், ஒன்றாகத் தளர்ந்து, ஒன்றாக உள்ளே போய். எல்லாருக்கும் இன்னும் ஓர் ஆண்டு. அவன் கையால் எழுதிக் கொடுத்தது.

அவனுக்கு மட்டும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

சட்டையைக் கிழித்தான். பொத்தான்கள் எங்கோ உருண்டன. மண்டியிட்டு, இடது தோளைத் தொட்டிலில் கொடுத்து, கழுத்தெலும்பை மேலே நிமிர்த்தினான். முழங்காலால் பெடலை அழுத்தினான். பிடி இறுகியது. எலும்பு முனகியது. தலை இறங்கியது.

ஊசி.

காற்று வந்தது. முதல் புள்ளியிலேயே வந்தது. சுத்தமான, மழை வாசனையுள்ள, அவனுக்கே சொந்தமான காற்று, கொடகொடவென்று மார்புக்குள் இறங்கியது, அழுதுவிட்டான். எலும்பில் மாதம் ஏறியது, ஆண்டு ஏறியது, இரத்தம் தொட்டிலில் வழிந்தது, அவன் வாயைத் திறந்து மேலும் மேலும் இழுத்தான். ஆண்டின் கடைசி எழுத்து. கடைசிப் புள்ளி. தலை ஏறியது.

நின்றது.

அவன் காத்திருந்தான். தேதி போட்டாயிற்றே. தோளில் இருக்கிறதே. இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான்.

பெடல். பிடி. ஊசி. வந்தது. பதினொன்று. நின்றது.

ஊசி எழுதும் வரைக்கும்தான்.

வலது கை இயந்திரத்தின் திரையை எட்டியது. விரல்கள் இரத்தத்தில் வழுக்கின. களவாடிய புள்ளிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தான். ஊசியின் வேகத்தைக் குறைத்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் இடையில் நேரம் கொடுத்தான், இன்னும் கொடுத்தான், எழுத்தை நெருக்கமாக்கினான், ஆழமாக்கினான். பன்னிரண்டு. பதினாறு. இருபத்திரண்டு. போதவில்லை. தேதி மிகச் சின்னது. தேதிக்குப் பின்னால் தன் பெயரைத் தட்டினான். பெயருக்குப் பின்னால் ஊர். அதற்குப் பின்னால் வாயில் வந்த எழுத்துகள், எண்கள், அர்த்தமில்லாமல், நிற்காமல். பெடலை அழுத்தினான். ஊசி நிதானமாக இறங்கி, ஒரு புள்ளி குத்தி, ஏறி, அவசரமில்லாமல் அடுத்ததற்கு நகர்ந்தது.

தள்ளுவண்டியின் பக்கத்திலிருந்து எல்லாரும் அவனோடு சேர்ந்து மூச்சு இழுத்தார்கள்.

கழுத்தெலும்பில் வரி முடிந்ததும் அவன் உடம்பைக் கொஞ்சம் மேலே தள்ளிக் கொடுத்தான். மார்பு முழுவதும் எழுத இடம் இருந்தது.